இரண்டு விரல் அசைவு

தெருவிலும் வீடுகளுக்குள்ளும் சோப்பு விளம்பரமாக மீனலோசனியின் ஒளியுருவம் ஆளுயரத்தில் வந்து நிற்கும். ஒரு நாள் ஈரக் கூந்தலும் தோளில் சோப்பு நுரையுமாக, மறுநாள் வேறு கோலத்தில், எதிரில் இருக்கும் ஆணைப் பெயர் சொல்லிக் கொஞ்சும். வேண்டாதவர்கள் இரண்டு விரலை அசைத்தால் கலைந்துவிடும். உருவத்தையும் குரலையும் சோப்புக் கம்பெனிக்கு விற்றவள் அவள்தான்.

அதனால் வந்த சண்டையில் அம்மா வீட்டுக்குப் போனவள், பத்து நாள் கழித்துக் கணவனிடம் மன்னிப்புக் கேட்கத் திரும்பி வந்தாள். தயாளன் கூடத்தில் தனியாக இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"தயா... வந்துட்டேன்" என்றாள், வாசலில் நின்றபடி.

அவன் நிமிராமலே இரண்டு விரலை அசைத்தான்.

அவள் குரலை உயர்த்தினாள். "யோவ், நான்தான்யா! உன் பொண்டாட்டி! நிமிந்து பாரு!"

நிமிர்ந்தான். நடு நெற்றி வீங்கியிருந்தது.

"நேத்து அழுதுகிட்டு வந்து நின்னே. கட்டிப்பிடிக்க ஓடிவந்து, உன் ஊடே போய்க் கதவுல மோதிக்கிட்டேன். இன்னிக்குத் திட்டிக் கூப்பிடுறியா? போயிடு, தாயே."

கண்களை இறுக மூடிக்கொண்டு, மறுபடி மறுபடி விரலை அசைத்தான்.