நேரில் பார்த்தது

பேனாவை அவர் அவள் பக்கம் நகர்த்தி வைத்தார்.

பச்சை மைப் பேனா. இத்தனை வருடமும் அவர் சட்டைப் பையில் இருந்தது.

அவள் மூடியைத் திறக்கவில்லை.

அவருடைய நாற்காலியில் அவள் உட்கார்ந்திருந்தாள். மேசைக்கு எதிரே மாமனார் நின்றுகொண்டிருந்தார். உட்காரச் சொல்ல அவளுக்குத் தோன்றவில்லை.

வாசல் போர்டின் மேல் பழுப்புக் காகிதம் ஒட்டியிருந்தது. மழையில் காகிதம் நனைந்து அவர் பெயர் மறுபடி தெரிந்தது.

ஆடிட்டர் நாச்சிமுத்து.

அந்தப் பெயரை ஐந்து வருடத்துக்குப் பதிவேட்டிலிருந்து நீக்கிவிட்டார்கள். இனி அவர் எந்தக் கணக்கிலும் கையெழுத்துப் போட முடியாது. ஆடிட்டர் என்று சொல்லிக்கொள்ளவும் கூடாது.

வீட்டில் இப்போது அவள் ஒருத்திதான் ஆடிட்டர்.

வெளி அறையில் மஞ்சள் வியாபாரி சென்னியப்பன் காத்திருந்தார். கிடங்கில் இவ்வளவு மஞ்சள் மூட்டை இருக்கிறது, நேரில் பார்த்தேன் என்று ஒரு சான்று. மாலைக்குள் அது பேங்குக்குப் போக வேண்டும்.

அவள் போட்டால் அலுவலகம் நிலைக்கும். போடாவிட்டால் மற்ற வியாபாரிகளும் பைலைத் தூக்கிக்கொண்டு எதிர்த்தெரு ஆடிட்டரிடம் போய்விடுவார்கள்.

அவள் முதல் பக்கத்தைப் படித்தாள்.

"பாக்கறதுக்கு என்ன அம்மிணி இருக்குது. கையெழுத்தப் போடு."

இதே வார்த்தை.

கல்யாணமான மாதம். தாலிச் சரட்டில் மஞ்சள் ஈரம் காயவில்லை. சாப்பாட்டு மேசையில் சில தாள்களை வைத்து, இதே வார்த்தையைச் சொன்னார். பெரியவர் சொல்கிறாரே என்று போட்டாள். வாழ்க்கையில் அவள் படிக்காமல் போட்ட ஒரே கையெழுத்து.

தொழில் செய்யும் உரிமத்தை அவளே ஒப்படைப்பதாக அதில் எழுதியிருந்தது.

ஆடிட்டர் பரீட்சையில் அவள் முதல் தடவையிலேயே தேறியவள். அவர் மகன் இன்னமும் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தான். மகன் பெயர் வராத போர்டில் மருமகள் பெயர் எப்படி வரும்?

அப்புறம் அவள் வேலை காபி கொண்டுவருவது. வந்தவர்கள் போன பிறகு டம்ளர் எடுப்பது. தீபாவளிக்கு முன்னால் அலுவலகப் பரணைத் தூசி தட்டுவது.

படிக்கத் தெரிந்தவளைப் பரணில் ஏற்றியது அவர் செய்த பிழை.

அங்கே ஒரு பழைய சான்றின் நகல் இருந்தது. எண்ணெய் மில் கிடங்கு. கடலை மூட்டை இருப்பு. நேரில் பார்த்தேன், எண்ணினேன். கீழே அவருடைய பச்சைக் கையெழுத்து.

கிடங்கின் விலாசம் அவளுக்குத் தெரிந்த விலாசம்.

கீழே இருந்த தேதியும் தெரிந்த தேதி.

அவளுக்குத் தாலி கட்டிய நாள். தாலி கட்டிய இடம்.

மில்காரர் கிடங்கை எப்போதோ இடித்துக் கல்யாண மண்டபமாகக் கட்டிவிட்டார். ஆடிட்டர் வீட்டுக் கல்யாணம் என்று வாடகை கூட வாங்கவில்லை.

பரணிலேயே உட்கார்ந்து அவள் சத்தமில்லாமல் சிரித்தாள். தூசி என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கினாள்.

மில் மூழ்கியது. கடலையை நம்பிக் கடன் கொடுத்த பேங்க் அவர் மேல் புகார் செய்தது. அப்போதும் அவர் கலங்கவில்லை. மூட்டை இருந்தது, பார்த்தேன், பிறகு மில்காரன் விற்றிருப்பான் என்று விசாரணையில் சொன்னார்.

விசாரித்தவர்கள் ஒரு போட்டோவை எடுத்து அவர் முன்னால் வைத்தார்கள்.

பந்தியில் அவர் உட்கார்ந்திருந்தார். இலையில் பாயசம். பின்னால் சுவரில் மண்டபத்தின் விலாசம். அதன் கீழே, பூவில் கோத்த மணமக்கள் பெயர், தேதியோடு.

பேங்குக்கு அது தபாலில் வந்ததாம். அனுப்பியவர் பெயர் இல்லை.

ஊருக்குத் திரும்பியதும் போட்டோக்காரனைக் கண்டபடி ஏசினார். சம்பந்தி வீட்டாரோடு பேச்சை நிறுத்தினார். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மச்சானைக் கூடச் சந்தேகப்பட்டார்.

அவளைச் சந்தேகப்படவில்லை. காபி கொண்டுவருகிறவளை யார் நினைப்பார்கள்?

பிறகு அவரே அலைந்து, அவரே பணம் கட்டி, அவளுடைய உரிமத்தை மீட்டுக் கொடுத்தார். உன் பேர்ல ஓடட்டும் அம்மிணி, வேலையெல்லாம் நான் பாத்துக்கறேன் என்றார்.

அவள் கடைசிப் பக்கத்தையும் படித்து முடித்தாள்.

"குடோனத் தொறக்கச் சொல்லுங்க மாமா. ஒரெட்டுப் போய்ப் பாத்துட்டுப் போட்டுத் தர்றனுங்க."

அவர் சிரித்தார். "மஞ்ச மூட்டையில என்னத்தப் பாக்கப் போற? தும்மல்தான் வரும்."

"ஒரு போட்டோவும் எடுத்துக்கலாமுங்க மாமா."

சிரிப்பு அவர் முகத்தில் அப்படியே நின்றது.

உள்ளறையில் பீரோவின் மேல் கல்யாண ஆல்பம் இருந்தது. அவர் தலை மெல்ல அந்தப் பக்கம் திரும்பியது. பிறகு அவளிடம் வந்தது. இத்தனை வருடத்தில் அவர் அவளை நேராகப் பார்த்தது அப்போதுதான்.

வெளியே நாற்காலி நகர்ந்தது.

"ஆடிட்டருங்க, நான் அப்பறமா வாரனுங்க." சென்னியப்பனின் குரல். குடோன் என்ற சொல் அவர் காதிலும் விழுந்திருக்க வேண்டும். செருப்புச் சத்தம் படி இறங்கிப் போனது.

மாமனார் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

காபி கொடுத்துவிட்டு, போகச் சொல்லும்வரை அவள் நிற்கும் இடம் அது.

அவள் பேனாவை எடுத்துத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

"உட்காருங்க மாமா" என்றாள்.

அவர் உட்கார்ந்தார்.