மாற்றல் மனு

"கை எதுக்கு இருக்கு? தொட்டுப் பார்த்தா ஈரம் தெரியாதா?"

மருத்துவமனைச் சலவைப் பிரிவே வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தது. மேற்பார்வையாளர் அம்மா கத்தினால் துணி உலர்த்தும் மெஷின் சத்தமே கேட்காது. முதுகுக்குப் பின்னால் அவளுக்கு எல்லோரும் வைத்திருந்த பெயர், குக்கர்.

திட்டு வாங்கியவள் துணி மடிப்பவள். இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். அவள் மடித்து அனுப்பிய விரிப்புகள் சரியாகக் காயாததால், அன்று காலை ஓர் ஆபரேஷன் ஒரு மணி நேரம் தள்ளிப்போயிருந்தது.

குக்கர் அதோடு விடவில்லை. ஒவ்வொரு விரிப்பையும் பிரித்து, நடுவில் தொட்டுப் பார்த்த பிறகுதான் மடிக்க வேண்டும் என்று சொல்லி, ஷிப்ட் முடியும்வரை பக்கத்திலேயே நின்றாள்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் கூட வேலை செய்பவர்கள் பொருமித் தள்ளிவிட்டார்கள். மேலிடம் கூப்பிட்டால் தலையாட்டிவிட்டு வருகிறவள், நம்மிடம் மட்டும் பாய்கிறாள் என்றார்கள். நமக்காக என்றைக்காவது மாடியேறி ஒரு வார்த்தை பேசியிருப்பாளா என்று கேட்டாள் ஒருத்தி.

மடிப்பவளுக்கோ வேறு பயம். இதைவிடச் சின்னத் தப்புக்குப் போன மாதம் வார்டு ஆயா ஒருத்தியை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். நோட்டீஸ் வருவதற்குள் வேறு பிரிவுக்கு மாறிவிடு என்றான் கணவன்.

மூன்றாம் நாள் மனுவோடு அலுவலகத்துக்குப் போனாள். மேற்பார்வையாளர் எல்லார் எதிரிலும் அவமானப்படுத்துகிறார், அவரிடம் வேலை செய்ய முடியாது என்று எழுதியிருந்தாள்.

கிளார்க் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"சலவைப் பிரிவா?"

"ஆமா சார். எனக்கு நோட்டீஸ் ஏதாவது வந்திருக்கா சார்?"

"உனக்கு எதுக்கும்மா நோட்டீஸ்?"

"அந்த ஈர விரிப்பு விஷயமா..."

கிளார்க் ஒரு ஃபைலை எடுத்துப் பிரித்தார்.

"அதுக்குத்தான் உங்க மேற்பார்வையாளரம்மா அன்னைக்கே எழுதிக் கொடுத்துட்டாங்களே. 'சரிபார்க்காமல் அனுப்பியது நான்தான், தவறு என்னுடையது'ன்னு. அவங்களுக்கு வரவேண்டிய பதவி உயர்வும் நின்னு போச்சு."



கிளார்க் சலிப்போடு தாள்களைப் புரட்டினார்.

"இந்த வருஷத்துல அந்தம்மா இப்படி எழுதிக் கொடுத்த நாலாவது கடிதம் இது. எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லும்மா. உங்க பிரிவுல அந்தம்மாவைத் தவிர வேற யாருமே தப்பு பண்றதில்லையா?"