செத்துப் பிழைக்கும் பொன்னுரங்கம்

ஓர் ஆஸ்பத்திரியின் பயிற்சி அறையில் பொன்னுரங்கம் என்றொரு ரப்பர் பொம்மை படுத்திருந்தது. சாகக் கிடக்கும் நோயாளியாக அதை வைத்துத்தான் எல்லோருக்கும் பாடம். தப்பென்று பட்டால் யாராயிருந்தாலும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்பது அங்கே சட்டம்.

அன்று பாடம் நடத்திய பெரிய டாக்டர் வேண்டுமென்றே மருந்தைக் கூட்டிச் சொன்னார்.

"அளவு அதிகம், டாக்டர்!" என்றாள் நர்ஸ் ஜெசிந்தா, கணீரென்று.

பெரிய டாக்டர் கை தட்டினார். பொன்னுரங்கம் பிழைத்தது. அதற்குப் பெருமை பிடிபடவில்லை.

மறுநாள் ஜெசிந்தா வார்டிலிருந்து வந்து தன் ஸ்டெதாஸ்கோப்பை ஆணியில் மாட்டிவிட்டுப் போனாள்.

"என்னிடம் படித்த பெண் அங்கே எப்படி, தம்பி?" என்று கேட்டது பொன்னுரங்கம்.

ஆணியில் ஆடிக்கொண்டே ஸ்டெதாஸ்கோப் சொன்னது:

"அதே டாக்டர்தான், அண்ணே. இன்றைக்கு ஒரு நோயாளிக்கு நிஜமாகவே அளவு தப்பிப்போச்சு. இவளுக்குத் தெரிந்துவிட்டது. நெஞ்சு அடித்துக்கொண்டதை நான் கேட்டேன். 'டாக்டர்...' என்று ஆரம்பித்தாள். 'சொன்னதைச் செய்ம்மா' என்றார். செய்தாள்."

"அப்புறம்?"

"மத்தியானம் அந்தக் கட்டில் காலி. விரிப்பு மாற்றினார்கள்."

"இங்கே கை தட்டினாரே!"

"இங்கே தட்டினார்."

அடுத்த வகுப்பிலும் பெரிய டாக்டர் மருந்தைக் கூட்டிச் சொன்னார். "அளவு அதிகம், டாக்டர்" என்ற ஜெசிந்தாவின் குரல் பாதியில் உடைந்தது.

"பயப்படாமல் சொல்லணும்மா" என்றார் அவர், அன்பாக.

செத்துவிடலாம் போலிருந்தது பொன்னுரங்கத்துக்கு. ஆனால் எல்லோரும் சேர்ந்து அதைப் பிழைக்க வைத்துவிட்டார்கள்.