டிவி முன்னால் எண்ணெய்

சேரங்கோட்டுத் தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டு வாசலில் பனிமூட்டம் இன்னும் விலகவில்லை. சின்னம்மை எண்ணெய்ப் பாட்டிலைத் திறந்து டிவி முன்னால் வைத்திருக்கிறாள். திரையில் போதகர் ஜெபித்து முடித்ததும் அதை நடக்க முடியாத மகளின் காலில் தேய்ப்பது ஞாயிறுதோறும் வழக்கம். வெள்ளைக் கோட்டுப் போதகர் கண்ணை மூடுகிறார். "கொழுந்து பறிக்கிற சகோதரி சின்னம்மை! உங்க மகள் ஜீவிதாவைக் கர்த்தர் எனக்குக் காட்டுகிறார். இதோ, எழுந்து நடக்கிறாள்!" அரங்கமே கைதட்டுகிறது. பெயர், வேலை, மகளின் பெயர் எல்லாம் போன வாரம் ஜெப உதவி எண்ணில் இவளே அழுதழுது சொன்னவை. திரையின் அடியில் காணிக்கைக்கான கியூஆர் கோடு மினுங்குகிறது. பாட்டிலை எடுக்க நீண்ட சின்னம்மையின் கை பாதியில் நிற்கிறது. பாயில் கிடக்கும் ஜீவிதா போர்வையை விலக்கித் தன் கால்களையே பார்க்கிறாள். "அம்மா, அவங்களுக்கு இன்னொருக்கா போன் பண்ணும்மா. நான் இன்னும் நடக்கலன்னு சொல்லு."