வாசலில் கசிகிற குழாய்

வாசலில் தண்ணீர்க் குழாய் கசிந்து ஒரே சேறு. பிளம்பர்களை நான் நம்புவதில்லை, ஒன்றைச் சரிசெய்து இரண்டை உடைத்துவிட்டுப் போவார்கள். அதனால் வந்த பிளம்பரின் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன்.

கசிவை அடைக்கத் தெருப்பக்கம் தண்ணீரை நிறுத்த வேண்டும் என்றான். வால்வைத் தேடி, குழாயை ஒட்டியே தோண்டிக்கொண்டு போனவன் கேட்டைத் தாண்டியதும் நின்றான்.

“பெரியவரே, குழாய் இதோட முடிஞ்சிடுச்சு. தெருக் குழாயில சேரவே இல்ல.”

“என் காதுல பூ சுத்தாதே.”

இறங்கிப் பார்த்தேன். குழாயின் முனை திறந்து கிடந்தது. உள்ளே காய்ந்த மண். எறும்புகள் வரிசையாகப் போய் வந்துகொண்டிருந்தன.

“ஏய், சமையலறைக் குழாயைத் திற!” என்று கத்தினேன்.

“பாத்திரம் கழுவிட்டுதானே இருக்கேன், சத்தம் கேக்கலையா?” என்றாள் மனைவி. கேட்டது.

“தெருக் குழாயில சேத்து விடட்டுமா?” என்றான் பிளம்பர், குழியை விட்டு மேலே ஏறி.

“தெருவே தண்ணிக்குத் தவம் கிடக்கு. எனக்கு ஒருநாள்கூட நின்னதில்ல. நீ கை வச்சு நின்னுபோச்சுன்னா? மூடுடா.”

மூடினான். சேற்றின் மேல் ஒரு பலகையைப் போட்டேன். மனைவி இருவருக்கும் தண்ணீர் கொண்டுவந்தாள். அவன் வேண்டாமென்று பின்வாங்கினான். அவன் டம்ளரையும் சேர்த்து நானே குடித்தேன். எப்போதும்போல் ஜில்லென்று இருந்தது.