வெள்ளிக்குன்றத்துப் பிரபு

ஒரு கோட்டை வாசலில் வாத்து ஒன்று காவல் இருந்தது. அந்தக் கோட்டையில் ஒரு வழக்கம். எந்தப் பிரபுவின் பெயரைச் சொல்லி யார் வந்தாலும், கேட்டதைக் கொடுத்துவிட வேண்டும். பிரபு யாரென்று விசாரிப்பது மரியாதைக் குறைவு.

இதைத் தெரிந்துகொண்ட நரி தினமும் தொப்பியும் கையுமாக வந்து நின்றது. "வெள்ளிக்குன்றத்துப் பிரபு அனுப்பினார். இன்றைக்கு ஒரு புறா வேண்டுமாம்."

அப்படி ஒரு பிரபுவே கிடையாது. சமையல்காரக் கரடிக்கும் சந்தேகம்தான். ஆனால் தெரியாது என்று சொல்ல வெட்கம். புறா போனது, கோழி போனது. ஒருநாள் நரி பல்லெல்லாம் தெரியச் சிரித்தது.

"பிரபு நாளைக்கு வாத்துக்குஞ்சு கேட்கிறார். உன்னுடைய மூன்றும்."

வாத்து அழவில்லை. குஞ்சுகளை ஒருமுறை பார்த்தது. என்ன ஆனாலும் சரி, ஒன்றைக்கூடக் கொடுப்பதில்லை என்று முடிவுகட்டிவிட்டது.

மறுநாள் நரி வந்தபோது வாத்து வாசலை மறித்துக்கொண்டு நின்றது.

"நரியாரே, உங்கள் பிரபு காலையிலேயே வந்துவிட்டார்."

"எந்தப் பிரபு?"

"வெள்ளிக்குன்றத்துப் பிரபுதான். உள்ளே விருந்து நடக்கிறது. தன் பெயரைச் சொல்லி வாங்கிப்போன புறா ஒன்றுகூடத் தன்னிடம் வந்து சேரவில்லையாம். உங்களைத்தான் தேடுகிறார். கூப்பிடட்டுமா?"

அப்படி யாருமே இல்லை என்று அடித்துச் சொல்லக்கூடிய ஒரே ஆள் நரிதான். அதைத்தான் அதனால் சொல்ல முடியவில்லை.

தொப்பியைக் கசக்கிக்கொண்டே மெதுவாகக் கேட்டது:

"ரொம்பக் கோபமாக இருக்கிறாரா?"