மேல்மாடிக்கு ஒரு முட்டுக்கட்டை

"இன்னிக்கு மட்டும் அந்த மனுஷன் எதிர்த்துப் பேசினார்னா, கூட்டத்துலயே ராஜினாமாவை நீட்டிடுவேன்!"

சாப்பிட்ட தட்டை நங்கென்று வைத்தாள் அவள். பல்கலைக்கழகத்தில் சமூக ஆராய்ச்சி மையத்தை ஆரம்பித்தவள் அவள்தான். இன்று அதன் இயக்குநரும் அவள்தான்.

"யாரு, முட்டுக்கட்டையா?" என்றார் கணவர், பேப்பரிலிருந்து தலையெடுக்காமல்.

பெயர் அவள் வைத்தது. ஆள், பொருளாதாரத் துறைப் பேராசிரியர். ஆட்சிக்குழுவில் அவள் மையத்தைப் பற்றிப் பேச்செடுத்தாலே போதும், முதல் ஆளாக எழுந்து எதிர்ப்பார்.

மாடிப்படிக்கு அடியில், உடைந்த நாற்காலிகளை ஒதுக்கிவிட்டு ஒரு மேசை போட்டு ஆரம்பித்தபோது, "வீடு வீடாப் போய் வம்பு கேக்குறதுக்கு ஒரு ஆபீஸா?" என்றார். ஆட்கள் கேட்டபோது, "வெட்டி வேலைக்கு எதுக்கு ஆளு?" என்றார். பழைய லேபைக் கேட்டபோது, "இவங்களுக்கு மரத்தடி போதும்" என்றார்.

ஒவ்வொரு தடவையும் தொண்டை வறள வாதாடி ஜெயித்தாள். துணைவேந்தருக்கும் முட்டுக்கட்டைக்கும் ஏழாம் பொருத்தம் என்பதில் அவளுக்கு ஓர் அற்ப சந்தோஷம்.

இந்தத் தடவை தோற்கவே கூடாது. லேபுக்குள் ஆட்கள் நெருக்கியடித்து உட்கார, பேட்டியெல்லாம் வராந்தாவில்தான் நடக்கிறது. போன வாரம் ஒரு பெண், புருஷன் அடிப்பதைச் சொல்ல ஆரம்பித்தாள். போகிற வருகிறவர்கள் எட்டிப் பார்க்கவும், பாதியிலேயே எழுந்து போய்விட்டாள். கதவைச் சாத்திக்கொண்டு பேச ஓர் அறை வேண்டும். மேல்மாடி சும்மாதான் கிடக்கிறது.

"சண்டை போடுறதுக்கு முன்னாடி, நேர்ல போய் ஒரு வார்த்தை கேட்டுப் பாரேன்" என்றார் கணவர்.

"நானா? அவர்கிட்டயா? கேன்டீன்ல அவர் வந்தாலே எழுந்து வேற மேசைக்குப் போறவ நான்!"

போனாள். வேறு வழி?

"சார், இந்த ஒரு தடவை எங்களை ஆதரிச்சுப் பேசுங்க. கெஞ்சிக் கேக்குறேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "நல்லா யோசிச்சுத்தான் கேக்குறீங்களாம்மா?"

"இதுல யோசிக்க என்ன சார் இருக்கு?"

"இல்லம்மா, காரியம் கெட்டுடும்..."

"நீங்க கெடுக்காம இருந்தா கெடாது! எதிர்த்தீங்க, இன்னியோட நான் வேலையை விட்டுடுவேன். மையத்தையும் இழுத்து மூடிக்கட்டும்."

பெருமூச்சு விட்டார். "சரி, உங்க இஷ்டம்."

கூட்டத்தில் மேல்மாடி விஷயம் வந்தது. முட்டுக்கட்டை எழுந்தார்.

"அருமையான மையம். மேல்மாடியை உடனே குடுத்துடலாம்."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

கையெழுத்துப் போட இருந்த துணைவேந்தர் பேனாவை மூடினார். முட்டுக்கட்டையை ஏற இறங்கப் பார்த்தார்.

"இவரே சரின்னு சொல்றாரா? அப்போ இதுல ஏதோ வில்லங்கம் இருக்கு. அடுத்த கூட்டத்துல பார்க்கலாம்."

வராந்தாவில் முட்டுக்கட்டையைப் பிடித்துக்கொண்டாள் அவள்.

"என்ன சார் அநியாயம் இது? நல்லது சொன்னா தட்டிக் கழிக்கிறார். இதே நீங்க எதிர்த்தப்போ எல்லாம்..."

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. மாடிப்படிக்கு அடியில் இடம், ஆட்கள், லேப். அவர் எதிர்த்த ஒவ்வொன்றும் அன்றைக்கே கிடைத்திருந்தது. தன் வாதத் திறமை என்றல்லவா இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தாள்!

"சார்... ஏன் என்கிட்ட முதல்லயே சொல்லல?"

"சொன்னா உங்களுக்குக் கோபம் வராதே. நீங்க என்னைப் பார்த்துப் பல்லைக் கடிச்சாத்தான் துணைவேந்தர் நம்புவார்."

படியிறங்கப் போனவர் திரும்பினார்.

"அடுத்த கூட்டத்துல வழக்கம்போலத் திட்டுறேன். தயவுசெஞ்சு என்னைப் பார்த்துச் சிரிச்சு மட்டும் வைக்காதீங்கம்மா."